காட்டுக்குள் ஒரு கட்டிடம்: மறைவது வேறு, பொருந்துவது வேறு

ஒரு தேசியப் பூங்காவில் வருகையாளர் மையம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தால், வரைபடம் போடுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாக்குறுதியைத் தருகிறார்கள்: கட்டிடம் இயற்கையோடு ஒன்றிவிடும். கூடவே ஒரு படமும் வரும். உள்ளூர்க் கல்லில் சுவர், புல் முளைத்த கூரை, மரப்பட்டை நிறத்தில் தூண்கள், மாலை வெயில், முன்னால் ஒரு மான். அந்தப் படத்தில் கார் இருக்காது. கழிவுநீர்த் தொட்டி இருக்காது. குழாயில் வரும் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் இருக்காது. பெரிய கட்டிடத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தில் வைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை; அதைத் திறமையாகச் செய்து காட்டியவர்கள் உண்டு. ஆனால் கடந்த நூறு ஆண்டுகளில் பூங்காக்களில் எழுந்த கட்டிடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எது நிலத்துக்குப் பொருந்தியது, எது பொருந்தவில்லை என்பதைத் தோற்றம் தீர்மானித்த சந்தர்ப்பங்கள் குறைவு. கட்டிடம் எங்கே நிற்கிறது, வண்டிகள் எங்கே நிற்கின்றன, தண்ணீரும் வெளிச்சமும் எங்கே போகின்றன, அந்த மண்ணில் ஏற்கெனவே இருப்பவற்றின் வாழ்க்கையில் கட்டிடம் எவ்வளவு கைவைக்கிறது ஆகியவைதாம் தீர்மானித்திருக்கின்றன. தோற்றத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் அதைக் கடைசியாகப் பேச வேண்டும்.

இந்தப் பேச்சு தொடங்கிய இடம் அமெரிக்கா. அங்கே தேசியப் பூங்காத் துறை 1916இல் அமைந்தது. இரண்டே ஆண்டுகளில், 1918இல், உள்துறைச் செயலர் பிராங்க்ளின் லேன் அதன் இயக்குநர் ஸ்டீபன் மேதருக்கு எழுதிய கொள்கைக் கடிதம், சாலையோ கட்டிடமோ எதுவானாலும் நிலக்காட்சியோடு இசைந்திருக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்பே யெல்லோஸ்டோனில் ராபர்ட் ரீமர் வடிவமைத்த ஓல்ட் ஃபெய்த்ஃபுல் விடுதி, பட்டை உரிக்காத மரங்களாலும் கரடுமுரடான கற்களாலும் ஒரு முன்மாதிரியைக் காட்டியிருந்தது. 1920களின் இறுதியில் ஹெர்பர்ட் மையர் அதே பூங்காவில் கட்டிய சிறு அருங்காட்சியகங்கள், கிராண்ட் கேன்யனின் விளிம்பில் மேரி கோல்டர் எழுப்பிய கட்டிடங்கள், 1933 முதல் 1942 வரை வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு இயங்கிய இயற்கைவளப் பாதுகாப்புப் படை போட்ட கற்படிகளும் தங்குமிடங்களும் சேர்ந்து ஒரு பாணியாயின. இன்று உலகம் முழுவதும் 'இயற்கையோடு ஒன்றிய கட்டிடம்' என்றதும் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் இந்தப் பாணியிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பாணியில் கொஞ்சம் நாடகமும் கலந்திருந்தது. யோசெமிட்டியில் 1927இல் திறந்த அவானி விடுதியின் 'மர'ச் சுவர்களில் பெரும்பகுதி, மர அச்சில் வார்த்து ரெட்வுட் நிறம் ஏற்றிய கான்கிரீட். கோல்டரின் புகழ்பெற்ற காவற்கோபுரம் (1932) பழங்குடிகளின் சிதைந்த கோபுரங்களைப் படித்துக் கட்டப்பட்டது. கல்லுக்கு உள்ளே நிற்பது எஃகுச் சட்டம். இதை மோசடி என்று சொல்லத் தேவையில்லை. தீக்கு அஞ்சியும் உயரத்துக்கு அஞ்சியும் செய்த ஏற்பாடுகள் அவை. கவனிக்க வேண்டியது வேறொன்று: எழுபதடி உயரத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் அந்தக் கோபுரம் எதிலும் மறையவில்லை, மறைய முயலவும் இல்லை. ஆனாலும் அது இடத்துக்கு ஒட்டாத பொருளாக யாருக்கும் படுவதில்லை. அப்படியானால் ஒன்றுதல் என்பது தென்படாமலிருப்பது என்ற சமன்பாடு தொடக்கத்திலிருந்தே தவறு.

இதைவிடக் கடுமையான சான்று கலிஃபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில் இருக்கிறது. அங்குள்ள ஜெயன்ட் ஃபாரஸ்ட் என்னும் பேருருவ மரச் சோலைக்குள் விடுதிகளும் கடைகளும் மரக்குடில்களுமாக ஒரு சிற்றூரே வளர்ந்தது. பாணியைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. பழுப்பு மரமும் கல்லுமாக அவை அந்தச் சோலையில் அழகாகவே பொருந்தியிருந்தன. ஆனால் செக்கோயா என்ற அந்தப் பேருருவ மரத்தின் வேர் ஆழமாகப் போவதில்லை, அகலமாகப் பரவுவது. குடில்களும் தார்த்தளங்களும் அந்த வேர்களின் மேல் உட்கார்ந்திருந்தன. மழைநீர் இறங்கும் வழி மாறியது. மனிதக் காலடியில் மண் இறுகியது. சாயும் மரமும் முறியும் கிளையும் கூரைகளுக்கு ஆபத்து என்பதால் மரத்தில் கைவைக்க நேர்ந்தது. எல்லாவற்றையும்விட, கட்டிடம் இருக்கும் இடத்தில் தீயை அனுமதிக்க முடியாது. செக்கோயாவுக்கோ தீ வேண்டும். அதன் கூம்புகள் வெப்பத்தில்தான் நன்றாகத் திறந்து விதை உதிர்க்கும், விதை முளைக்கச் சருகு எரிந்து வெறுமையான மண் வேண்டும். பூங்காவின் கண்காணிப்பாளர் ஜான் வைட் இந்தக் குடியிருப்பை வெளியேற்ற வேண்டுமென்று இரண்டாம் உலகப் போருக்கு முன்பே போராடித் தோற்றார். கடைசியில் 1990களின் இறுதியில்தான் 280க்கு மேற்பட்ட கட்டிடங்களும் 24 ஏக்கர் தார்த்தளமும் அகற்றப்பட்டன. தங்குமிடம் சோலைக்கு வெளியே வுக்ஸாச்சிக்குப் போனது. அகற்றப்பட்டவற்றில் ஒன்றுகூட 'அசிங்கமாக இருக்கிறது' என்பதற்காக அகற்றப்படவில்லை.

நேரெதிர்ப் பாணியில் நடந்த சோதனையும் இதே முடிவைத்தான் தருகிறது. போருக்குப் பின் அமெரிக்கர்களிடம் காரும் விடுமுறையும் பெருக, 1955இல் பூங்காக்களுக்கு வந்தவர்கள் 5 கோடியைத் தாண்டினார்கள். 1956இல் தொடங்கிய 'மிஷன் 66' என்ற பத்தாண்டுத் திட்டம் நூற்றுக்கு மேற்பட்ட வருகையாளர் மையங்களைக் கட்டியது. அருங்காட்சியகம், தகவல் மேசை, கழிப்பறை, திரைப்பட அரங்கு, அலுவலகம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் வருகையாளர் மையம் என்ற கட்டிட வகையே இந்தத் திட்டத்தின் படைப்பு. கண்ணாடி, எஃகு, தட்டைக் கூரை என்று நவீனப் பாணிக்குத் தாவியதால் அப்போதே வசவும் வாங்கியது. எல்லாம் அப்படி இல்லை: ராக்கி மலைப் பூங்காவின் பீவர் மெடோஸ் மையத்தில் (1967), துருப்பிடித்தே காப்பாகும் எஃகைப் பயன்படுத்திப் பாறையின் நிறத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஆனால் இந்தத் திட்டத்தில் பாடம் சொல்லும் கட்டிடங்கள் வேறு இரண்டு.

முதலாவது கெட்டிஸ்பர்க். அமெரிக்க உள்நாட்டுப் போரின் அந்தக் களம் காடல்ல என்றாலும், நிலக்காட்சியே அங்கே காட்சிப்பொருள். ரிச்சர்ட் நியூட்ரா என்ற பெயர்பெற்ற நவீனக் கட்டிடக் கலைஞர், போரைச் சித்திரிக்கும் பிரம்மாண்டமான வட்ட ஓவியத்துக்காக 1962இல் ஒரு கட்டிடம் தந்தார். சிறந்த கட்டிடம் என்று வாதாடியவர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். இருந்தும் 2013இல் அது இடிக்கப்பட்டது. காரணம், 1863 ஜூலையில் எந்த முகட்டில் வடக்குப் படை நின்றதோ அந்த முகட்டிலேயே அது நின்றது. போரைச் சன்னலிலிருந்து பார்க்க வசதியான இடம் என்று தேர்ந்தெடுத்தார்கள். அந்த வசதிதான் களத்தை அழித்தது. அதற்குப் பதிலாக 2008இல், படை வரிசைகளிலிருந்து தள்ளி எழுந்த புதிய மையம், தொழுவத்தின் சாயலில் அமைந்த சாதாரணமான கட்டிடம். நியூட்ராவின் கலைக்கு அது ஈடாகாது. ஆனால் நிலத்துக்கு அதனால் சேதமில்லை.

இரண்டாவது, யூட்டாவில் டைனோசர் நினைவுப் பூங்காவின் அகழ்வு மண்டபம். எலும்புகள் புதைந்த பாறைச் சரிவையே ஒரு சுவராகக் கொண்டு கண்ணாடியால் மூடிய, கருத்தளவில் அபாரமான கட்டிடம். 1958இல் திறந்தது. அடியில் இருந்தது ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்கும் களிமண். கட்டிடம் திறந்த காலத்திலிருந்தே அசைந்துகொண்டும் விரிசல் விட்டுக்கொண்டும் இருந்து, 2006இல் பாதுகாப்பில்லை என்று மூடப்பட்டது. ஆழ அடித்தூண்கள் இறக்கிச் சீரமைத்து 2011இல்தான் மறுபடி திறந்தார்கள். நிலம் என்றால் கண்ணில் படும் காட்சி என்று எண்ணிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். காட்சிக்குக் கீழே மண் இருக்கிறது. கட்டிடம் ஒன்ற வேண்டியது முதலில் அந்த மண்ணோடு.

இடத்தேர்வின் வலிமைக்கு ஒரு நல்ல உதாரணம் இலங்கையில் இருக்கிறது. அது வருகையாளர் மையமல்ல, விடுதி. 1990களின் தொடக்கத்தில் சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் ஒரு விடுதி கட்டும் யோசனையோடு வந்தவர்களைக் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தடுத்து, பல கிலோமீட்டர் தள்ளிக் கண்டலம குளத்துக்கு மேலிருக்கும் பாறைச் சரிவைக் காட்டினார். அங்கிருந்து சிகிரியா தொலைவில் தெரியும். சிகிரியாவிலிருந்து பார்ப்பவருக்கு விடுதி ஒரு பொருட்டாகத் தெரியாது. கட்டிடம் தூண்கள்மேல் நின்று பாறையை வளைந்து செல்கிறது, மழைநீர் அடியில் ஓடுகிறது, கொடிகள் முகப்பை மூடிவிட்டன. குளம் கெடும் என்று பிக்குகளும் ஊர்க்காரர்களும் அந்நாளில் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லக்கூடியது கழிவுநீர்ச் சுத்திகரிப்பே தவிரக் கொடியல்ல. இன்று புகைப்படங்கள் எல்லாம் அந்தக் கொடிகளைத்தான் கொண்டாடுகின்றன. சிகிரியாவின் அடிவாரத்தைக் காலியாக விட்டதே பாவாவின் பெரிய காரியம் என்பது என் எண்ணம். அதைப் படம் பிடிக்க முடியாததால் யாரும் பேசுவதில்லை.

அண்மைக்கால மையங்களில் அதிகம் புகழப்படும் இரண்டையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். வட அயர்லாந்தின் ஜெயன்ட்ஸ் காஸ்வே கடற்கரையில், சுமார் 6 கோடி ஆண்டுப் பழைமையான எரிமலைக் குழம்பு அறுகோணத் தூண்களாக உறைந்து நிற்கிறது. பழைய மையம் 2000இல் எரிந்துபோக, ஹெனகன் பெங் நிறுவனம் வடிவமைத்த புதியது 2012இல் திறந்தது. நிலத்தில் இரண்டு மடிப்புகள்: ஒன்று மேலெழுந்து கூரையாகிறது, அதன் மேல் புல், மற்றொன்று கீழிறங்கி வாகன நிறுத்தத்தைச் சாலையிலிருந்து மறைக்கிறது. கருங்கல் தூண் வரிசையாக நிற்கும் முகப்பைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். காரும் கட்டிடத்தின் பகுதிதான் என்று ஒப்புக்கொண்டு அதற்கென ஒரு மடிப்பை ஒதுக்கியதே அந்த வடிவமைப்பின் நேர்மை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு படி மேலே போனது. கற்களுக்குப் பக்கத்திலேயே இருந்த பழைய வசதிகளை நாடாளுமன்றக் குழு ஒன்றே தேசிய அவமானம் என்று கண்டித்திருந்தது. 2013இல் திறந்த புதிய மையம் சுமார் 2 கி.மீ. தள்ளி, கற்களிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நிற்கிறது: 211 மெல்லிய சாய்ந்த தூண்கள், மேலே அலைபோல் ஒரு தகட்டுக் கூரை, கீழே மூன்று பெட்டிகள். அடித்தளம் ஆழமில்லாதது; ஒருநாள் வேண்டாமென்றால் பெயர்த்தெடுத்துவிட்டுப் போகலாம். அதைவிட முக்கியம், கற்களை உரசிக்கொண்டு போன ஏ344 சாலையை மூடிப் புல் வளர்த்தார்கள். மையத்தின் தூண்கள் மரங்களைப் போல இருக்கின்றனவா என்பது ரசனை. சாலை போய்விட்டது என்பது நிகழ்வு. (ஏ303 நெடுஞ்சாலை இன்னும் அந்தப் பக்கம் இரைந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை.)

வண்டிப் பிரச்சினையைக் கட்டிடத்தோடு சேர்த்து யோசித்தால் என்ன ஆகும், யோசிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் இரண்டு பூங்காக்கள் 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டன. ஸையனில் மையத்தைப் பள்ளத்தாக்கின் வாயிலில் கட்டி, அங்கிருந்து உள்ளே போகப் பேருந்துகளை விட்டார்கள். நெரிசலான பருவத்தில் தனிக் கார்களுக்கு உள்ளே இடமில்லை. மையமே சிறியதாகிவிட்டது, ஏனென்றால் கண்காட்சியின் பெரும்பகுதியை வெளியே, மர நிழலிலும் பந்தலிலும் வைத்தார்கள். குளிர்விக்க ஈரத்தட்டைகள் பொருத்திய காற்றுக் கோபுரங்கள், குளிர்காலத்துக்கு வெயிலை வாங்கி வைக்கும் சுவர். இதே அளவுள்ள வழக்கமான கட்டிடத்தைவிட ஆற்றல் செலவு சுமார் 70 சதவீதம் குறைவு. கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பிலும் அதே ஆண்டு ஒரு மையம் திறந்தது. பூங்காவுக்கு வெளியிலிருந்து மக்களை இலகு ரயிலில் கொண்டுவரலாம் என்ற நம்பிக்கையில் அதற்குப் பக்கத்தில் வாகன நிறுத்தமே வைக்கவில்லை. ரயில் வரவில்லை. எல்லோரும் முதலில் வந்து சேர வேண்டிய மையத்துக்குக் காரில் வந்தவர்கள் வேறெங்கோ நிறுத்திவிட்டு வர வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் கழித்து அங்கே நிறுத்துமிடம் கட்டினார்கள். நல்ல எண்ணத்தோடு வரைந்த திட்டத்தில், கட்டிடத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள் போக்குவரத்துக்கு ஒதுக்கவில்லை என்பதுதான் கதை.

மனிதக் கண்ணை மட்டும் அளவுகோலாக்கினால் வரும் விபரீதத்துக்கு உச்சம், சுவரெல்லாம் ஆடியாகப் பதித்த கட்டிடம். சுற்றியுள்ள மரங்களை அப்படியே திருப்பிக் காட்டும். அதைவிட முழுமையாக மறைய வழியில்லை. பறவைக்கு அது மரணப் பொறி. அமெரிக்காவில் மட்டும் கட்டிடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் இறப்பதாக 2014இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சுவீடனில் மரத்தில் தொங்கும் ஆடிப் பெட்டி அறை ஒன்றை 2010இல் கட்டியவர்கள், பறவை காணக்கூடிய, மனிதர் காணாத படலம் ஒன்றை அதற்குப் போட்டார்கள். ஒருவர் கண்ணுக்கு மறையவும் இன்னொருவர் கண்ணுக்குத் தெரியவும் ஒரே சுவரில் ஏற்பாடு. காட்டில் கட்டுகிறவர் யாருடைய கண்ணுக்காகக் கட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு விளக்குக்கும் இதே கேள்விதான். பகலில் பாறையோடு பாறையாக இருக்கும் மையம் இரவில் வெளிச்சக் குவியலாக நின்றால், அந்துப்பூச்சிக்கும் வௌவாலுக்கும் அது நகரம்.

நிலத்தில் மனிதரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் உளுரு பாறை அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் 1985 அக்டோபரில் திருப்பித் தரப்பட்டது. பாறையின் காலடியில் இருந்த விடுதிகள் அதற்குச் சற்று முன்பே பூங்கா எல்லைக்கு வெளியே யுலாராவுக்குப் போயிருந்தன. பத்தாண்டு கழித்து 1995இல் திறந்த பண்பாட்டு மையத்தை கிரெகரி பர்ஜஸ் அனங்கு மக்களோடு உட்கார்ந்து வடிவமைத்தார். மணலில் கோடு கிழித்துக் காட்டியே பல முடிவுகள் எடுக்கப்பட்டன. உள்ளூர் மண்ணில் அறுத்த கற்களால் ஆன சுவர்கள், அவர்களின் தொன்மத்தில் வரும் இரண்டு பாம்புகளைப் போல வளைகின்றன. மண்ணின் நிறம் பொருந்துகிறது, சரி. ஆனால் அந்த மையம் செய்த வேலை வேறு: பாறை மீது ஏறாதீர்கள் என்று உரிமையாளர்கள் கேட்பதை, வருபவர் பாறைக்குப் போகும் முன்பே கேட்கச் செய்தது. ஏறுபவர் விகிதம் ஆண்டுகள்தோறும் சரிந்து, 2019 அக்டோபரில் ஏற்றமே மூடப்பட்டது. அதற்கு மையம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு கட்டிடத்தின் பொருத்தத்தை அங்கே வந்துபோனவரின் நடத்தையால் அளக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி மறுப்புகள். மையத்தைத் தள்ளி வைத்தால் முதியவரும் ஊன்றுகோலோடு வருபவரும் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. ஸ்டோன்ஹெஞ்சில் முதல் சில மாதங்கள் கற்களுக்கு ஆள் ஏற்றிச் சென்ற வண்டிகள் போதாமல் நீண்ட வரிசைகள் நின்றன. பிறகு பேருந்துகள் விட வேண்டியதாயிற்று. இதிலிருந்து தெரிவது, தள்ளி வைப்பதன் செலவில் பாதி போக்குவரத்து என்பதே. தாழ்தளப் பேருந்தும் அடிக்கடி ஓடும் சேவையும் தர மனமில்லாத துறை, மையத்தைத் தள்ளி வைக்கும் உரிமையையும் கோரக்கூடாது. கட்டிடம் அடக்கமாக இருந்தால் கூட்டம் வராது, ஊருக்கு வருமானம் வராது என்பது இன்னொரு மறுப்பு. நகரத்து அருங்காட்சியகத்துக்கு அது உண்மையாக இருக்கலாம். தேசியப் பூங்காவுக்குக் கட்டிடத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. பெரும்பாலான புகழ்பெற்ற பூங்காக்களுக்குக் கூட்டத்தைச் சமாளிப்பதுதான் பிரச்சினை. மூன்றாவது மறுப்புதான் கனமானது: தோற்றத்தைக் கடைசிக்குத் தள்ளினால், 'இடம் சரி' என்ற சாக்கில் எந்தத் தகரக் கொட்டகையையும் நிறுத்திவிடுவார்களே? அரசுக் கட்டிடங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அச்சம் வருவது இயல்பு. ஆனால் தவறான இடத்தில் நிற்கும் அழகிய கட்டிடம்தான் அதிக ஆபத்து. அதை அகற்ற மனம் வராது. ஜெயன்ட் ஃபாரஸ்ட் குடில்கள் அத்தனை ஆண்டுகள் நீடித்ததற்கு வியாபாரமும் காரணம். மக்களுக்கு அவற்றின்மேல் இருந்த பிரியமும் காரணம். தகரக் கொட்டகையை நாளைக்கே பிரிக்கலாம்.

இந்தியாவில் இந்த விவாதம் கட்டிடக்கலையிலிருந்து வரவில்லை, நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2012இல் உச்ச நீதிமன்ற வழக்கை ஒட்டித் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறைகள், புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக்கூடாது என்றும், அங்குள்ள நிரந்தர வசதிகளைப் படிப்படியாக விலக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நீலகிரியின் சீகூர் யானை வழித்தட வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வழித்தடத்தில் நின்ற தங்கும் விடுதிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே கேள்வி விடுதி எங்கே நிற்கிறது, வேலி எதை மறிக்கிறது என்பதாக இருந்தது. கூரை ஓலையாக இருந்தாலும் கான்கிரீட்டாக இருந்தாலும் யானைக்கு வேலி வேலிதான். மேற்கில் கட்டிடக் கலைஞர்கள் ஒரு நூற்றாண்டு சுற்றி வந்து சேர்ந்த இடத்துக்கு இங்கே வழக்குரைஞர்கள் நேராக வந்துவிட்டார்கள்.

பக்கத்திலேயே ஒரு ஒப்பீடும் கிடைக்கிறது. பந்திப்பூரில் காட்டுச் சுற்றுலாவுக்குச் சீட்டுக் கொடுத்து வண்டி ஏற்றும் இடத்தைக் காட்டுக்குள்ளிருந்து எடுத்து, வெளியே மேலுகாமனஹள்ளிக்குக் கொண்டுபோனார்கள். முதுமலையில் வரவேற்பு மையம் இன்னும் தெப்பக்காட்டில், மோயாற்றங்கரையில், நெடுஞ்சாலைகள் பிரியும் இடத்திலேயே இருக்கிறது. அங்குள்ள யானை முகாமைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கிய பிறகு அங்கே கூட்டம் இன்னும் கூடியது. புதிதாக மையம் கட்டும் பேச்சு எழுமானால், மூங்கிலில் கட்டலாமா கல்லில் கட்டலாமா என்ற வாக்குவாதமும் கூடவே எழும். அதற்கு முன், கூடலூர்ப் பக்கம் காடு தொடங்கும் தொரப்பள்ளியிலேயே கார்களை நிறுத்திவிட்டுப் பேருந்தில் அழைத்துப் போக முடியுமா, நெடுஞ்சாலையில் கடந்து போகும் வண்டியையும் சுற்றுலா வண்டியையும் எப்படிப் பிரிப்பது, மசினகுடிப் பக்கத்திலிருந்து வருபவர்களை யானை வழித்தடத்தில் கூட்டம் சேர்க்காமல் எங்கே இறக்குவது என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். இந்தக் கணக்குக்குக் கட்டிடக் கலைஞர் தேவையில்லை. வனத்துறையும் போக்குவரத்துக் கழகமும் நெடுஞ்சாலைத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.